ஒரு ரூபாய் இட்லியும் ஒரு லட்ச ரூபாய் பிரியாணியும்

கோவை மாவட்டத்துச் சாப்பாட்டைப் பற்றிய இரண்டு செய்திகள் ஐந்து வருட இடைவெளியில் கைப்பேசி வழியாக ஊர் ஊராகப் பரவின. ஒன்று, ஆலாந்துறைப் பக்கம் வடிவேலம்பாளையத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி விற்ற கமலாத்தாள் பாட்டியைப் பற்றியது. மற்றொன்று, கோவை ரயில் நிலையத்துக்கு அருகே ரயில் பெட்டிக்குள் நடந்த உணவகம் ஒன்று அறிவித்த பிரியாணிப் போட்டி. முதலாவது யாரும் திட்டமிடாமல் பரவியது. இரண்டாவது, பரவ வேண்டும் என்பதற்காகவே உருவாக்கப்பட்டது. கடை திறக்கும் நாளுக்கே ரீல்ஸ் போடுகிறவர்களைக் கூப்பிடுவது வழக்கமாகிவிட்ட கொங்கு வட்டாரத்தில், தொழில் செய்கிறவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அவசியம் என்று நினைக்கிறேன்.

போட்டியிலிருந்து தொடங்குவோம். நடந்தது 2024 ஆகஸ்ட் 28-ஆம் தேதி. அரை மணி நேரத்தில் ஆறு பிரியாணி சாப்பிட்டால் ஒரு லட்சம் ரூபாய், நான்குக்கு 50,000, மூன்றுக்கு 25,000 என்பது அறிவிப்பு. சமூக வலைதளங்களில் அது பரவியதும், உள்ளூர்க்காரர்களோடு கேரளத்திலிருந்தும் ஆட்கள் வந்து நின்றார்கள். கூட்டம் சாலைக்கு வந்தது, போக்குவரத்து நின்றது, காவல்துறை வழக்குப் பதிந்தது.

அந்த அறிவிப்பை எழுதியவருக்குத் தொழில் தெரியும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரே வாக்கியத்தில் அடுத்தவருக்குச் சொல்லிவிடலாம். படிக்கிற ஒவ்வொருவருக்கும் ‘நம்மாலும் முடியுமே’ என்று தோன்றும். முடியாவிட்டாலும், முடியக்கூடிய நண்பன் ஒருவன் நினைவுக்கு வருவான், அவனுக்கு அனுப்புவோம். தேதி குறித்திருப்பதால் உடனே அனுப்புவோம். ஒரு செய்தி பரவுவதற்கு இதைவிடப் பெரிய பொறி தேவையில்லை.

ஆனால் அந்தச் செய்தியில் பிரியாணி எங்கே இருக்கிறது? சீரகச் சம்பாவா பாசுமதியா, கறி எந்த ஊரிலிருந்து வருகிறது, தம் போடுகிறார்களா, ஒரு பிளேட் என்ன விலை, எதுவும் இல்லை. பிரியாணி இருந்த இடத்தில் புரோட்டாவையோ வாழைப்பழத்தையோ வைத்தாலும் செய்தி அப்படியே நிற்கும். ஒரு லட்ச ரூபாயை எடுத்துவிட்டால் மட்டும் விழுந்துவிடும். பரவியது பணம். கடையின் பெயர் அதோடு ஒட்டிக்கொண்டு போனது, அவ்வளவுதான். வரிசையில் நின்றவர்களும் பணத்துக்காக வந்தவர்களே. அடுத்த வாரம் குடும்பத்தோடு சாப்பிட வர வேண்டியவர், அன்றைய நெரிசலைப் பார்த்து வேறு பக்கம் வண்டியைத் திருப்பியிருப்பார்.

இது கோவையோடு நிற்கிற பழக்கமும் இல்லை. 2021 ஜூலையில், கொரோனாக் கட்டுப்பாடுகள் இருந்த காலத்திலேயே, மதுரை செல்லூரில் பழைய ஐந்து பைசா நாணயத்துக்குப் பிரியாணி என்று திறப்பு விழா வைத்த கடையில் கூட்டம் அலைமோதி, காவல்துறை தலையிட வேண்டியிருந்தது. ‘முதல் நூறு பேருக்கு’ என்று தொடங்கும் அறிவிப்புகள் எல்லாம் இந்த வம்சம்தான். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட விளம்பர நெறிமுறைகளில், தூண்டில் விளம்பரங்களுக்கென்றே தனி விதி இருக்கிறது. சொன்ன விலைக்குப் பொருளைக் கொடுக்க நியாயமான வாய்ப்பு இருக்க வேண்டும், வருகிறவர்களுக்குப் போதுமான இருப்பு வேண்டும், குறைவாக இருந்தால் அதை விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும் என்கிறது அது. ஆஃபர் போடுகிற கடைக்காரர்கள் ஒருமுறை படித்து வைத்துக்கொள்வது நல்லது.

இனி வடிவேலம்பாளையம். 2019 செப்டம்பரில் கமலாத்தாள் பாட்டியைப் பற்றிய காணொளி வெளியே வந்தபோது அவருக்கு வயது எண்பதைத் தொட்டிருந்தது. முப்பது வருடத்துக்கும் மேலாக இட்லி விற்றுக்கொண்டிருந்தார். முதலில் ஐம்பது பைசா, பிறகு ஒரு ரூபாய். ஆட்டாங்கல்லில் மாவாட்டி, விறகடுப்பில் வேகவைத்து, சாம்பாரும் சட்டினியும் வைத்துக் கொடுத்தார். விலையை ஏற்றச் சொன்னவர்களிடம், இங்கே வருகிறவர்கள் கூலி வேலைக்குப் போகிற குடும்பங்கள், அவர்களால் தினமும் அதிகம் கொடுக்க முடியாது என்று காரணம் சொன்னார். இவ்வளவையும் செய்தியாளர்கள் போய்ப் படம் எடுத்தார்கள். பாட்டி கேமராவுக்காக எதையும் மாற்றவில்லை.

அந்தக் காணொளியைப் பார்த்த தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா, செப்டம்பர் 10-ஆம் தேதி ட்விட்டரில் அதைப் பகிர்ந்தார். பாட்டி விறகடுப்பைப் பயன்படுத்துவதைக் கவனித்து, அவர் தொழிலில் முதலீடு செய்யவும் எரிவாயு அடுப்பு வாங்கித் தரவும் விருப்பம் தெரிவித்தார். சில நாட்களில் பாரத் கேஸ் இணைப்பு கொடுத்தது. 2021-இல் பாட்டிக்கு வீடும் சமையல் இடமும் கட்ட நிலம் பதிவானது. 2022 மே 8, அன்னையர் தினத்தன்று வீடு ஒப்படைக்கப்பட்டது. அதாவது ஒரு காணொளிக்கு ஏறக்குறைய மூன்று வருட ஆயுள் இருந்தது. ஒவ்வொரு முறை புதுச் செய்தி வந்தபோதும் பழைய காணொளி மறுபடி சுற்றியது.

ஏன் இப்படி? பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜோனா பெர்கரும் கேத்தரின் மில்க்மேனும் 2012-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நியூயார்க் டைம்ஸ் கட்டுரைகளில் ஏறக்குறைய 7,000-ஐ எடுத்து, வாசகர்கள் எவற்றை மற்றவர்களுக்கு மின்னஞ்சலில் அதிகம் அனுப்பினார்கள் என்று பார்த்தார்கள். வியப்பு, கோபம், பதற்றம் போல மனத்தைக் கிளப்பிவிடும் உணர்ச்சிகள் கட்டுரையைப் பரப்பின, சோகம் பரப்பவில்லை. நல்லுணர்வைத் தந்தவையும் பயன் தந்தவையும் கூடுதலாகப் போயின. இந்த அளவுகோலில் வைத்தால் இரண்டு செய்திகளுமே தேறும். போட்டியில் பரபரப்பு, பாட்டியில் வியப்பு. வித்தியாசம் அந்த உணர்ச்சி எதிலிருந்து பிறந்தது என்பதில் இருக்கிறது. பாட்டியைப் பார்த்து நாம் வியந்தது அவருடைய அன்றாட வேலையை. இட்லி, அதன் விலை, அதை வாங்குகிறவர்கள், இந்த மூன்றில் எதை எடுத்தாலும் செய்தி இல்லை. போட்டியிலோ பரபரப்பு ஒருநாள் தொகையிலிருந்து வந்தது. அடுத்த நாள் அந்தக் கடையில் அது இல்லை.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். ‘உண்மையாக இரு, வியாபாரம் பெருகும்’ என்பதற்குப் பாட்டியைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. அது தவறு. காணொளி பரவியதும் அவர் விலையை ஏற்றவில்லை, கிளை திறக்கவில்லை. ஒரு ரூபாய் இட்லியில் கூட்டம் கூடினால் கூடுவது லாபத்தைவிட உழைப்பே. அவருக்கு வந்தவை அன்பளிப்புகள். நாட்டின் பெரிய தொழிலதிபர் ஒருவரின் கண்ணில் பட்டதால் வந்தவை. வங்கிக் கடனும் ஆட்களின் சம்பளமும் உள்ள ஒரு தொழில் இதை எதிர்பார்த்துக் காத்திருக்க முடியாது. பாட்டியிடமிருந்து தொழில்காரர் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே: பரவும் செய்திக்குள் உங்கள் பொருள் இருக்க வேண்டும்.

அதே 2024-இல், போட்டி நடந்து இரண்டு வாரத்தில், கோவை இன்னொரு முறை நாடு முழுக்கப் பேசப்பட்டது. செப்டம்பர் 11 அன்று கொடிசியா வளாகத்தில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தொழில்முனைவோரைச் சந்தித்தபோது, அன்னபூர்ணா உணவகங்களின் சீனிவாசன் பேசினார். பன்னுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, உள்ளே கிரீம் வைத்தால் 18 சதவீதம் என்றார். பன்னையும் கிரீமையும் தனித்தனியாகக் கொடுங்கள், நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்று வாடிக்கையாளர் கேட்பதாகவும் சொன்னார். அடுத்து நடந்தவையும், அமைச்சரிடம் அவர் மன்னிப்புக் கேட்ட காட்சி வெளியானதும், அதற்காக பா.ஜ.க. மாநிலத் தலைவராக இருந்த அண்ணாமலையே வருத்தம் தெரிவித்ததும் அரசியல். எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பேச்சின் கட்டமைப்பு. வரிச் சிக்கல்களைப் பற்றி நாடெங்கும் மனுக்கள் போய்க்கொண்டிருந்தபோது, கல்லாவில் உட்காருகிறவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு சங்கடம் ஒரு பன்னைக் கொண்டு விளக்கப்பட்டது. அதனால்தான் பரவியது. 2025 செப்டம்பர் 22 முதல் கேக், பேஸ்ட்ரி வகைகளின் வரி 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது, ஊர் நினைவுகூர்ந்தது கிரீம் பன்னைத்தான்.

பொருளையே செய்தியாக்கித் தொழில் வளர்த்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மிக்சி செய்யும் பிளெண்ட்டெக் நிறுவனம் 2006-இல் யூடியூபில் சில காணொளிகள் போட்டது. நிறுவனர் டாம் டிக்சன் வெள்ளை அங்கியோடு வந்து, கோலிக்குண்டு, தோட்டத்து வாருகோல் என்று கையில் கிடைத்ததை மிக்சியில் போட்டு அரைத்தார். முதல் சில படங்களுக்கு ஆன செலவு ஏறத்தாழ 50 டாலர். பின்னாளில் ஐபோனையும் அரைத்தார். பார்த்தவர்கள் சிரித்தார்கள், ஆனால் மனத்தில் தங்கியது அந்த மோட்டாரின் வலு. விற்பனை பல மடங்கு ஏறியது. காரணம், சிரிப்பும் பொருளின் தரமும் ஒரே காட்சிக்குள் இருந்தன.

பிளெண்ட்டெக் கதையைப் படிக்கும்போது எனக்குக் கோவையின் பட்டறைகள்தான் கண்ணில் நிற்கின்றன. வெட் கிரைண்டர் பிறந்த ஊர் இது. ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ என்று புவிசார் குறியீடே உண்டு. ஊத்துக்குளி வட்டாரத்துக் கல்லைக் கொத்தி உருளையாக்குகிற வேலையைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? அதே உளுந்தைக் கிரைண்டரிலும் மிக்சியிலும் அரைத்து, எது எவ்வளவு பொங்குகிறது, எது எவ்வளவு சூடாகிறது என்று ஒரே மேசையில் அளந்து காட்டினால், இட்லி சுடுகிற ஒவ்வொரு வீடும் அதைப் பகிரும். பம்ப்செட் செய்கிறவர்களிடமும் இப்படிச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் இவர்களில் பலர் பரிசுக் கூப்பனும் தங்கக் காசும் அறிவித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கொங்கு நாட்டுத் தொழில்காரர்களுக்கு என் வேண்டுகோள் இது. கேமராவை முதலில் பட்டறைக்குள் கொண்டு போங்கள். பல வருடங்களாக அந்தக் கல்லைக் கொத்துகிறவரை, மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறவரைப் பேசவிடுங்கள். எடுத்த படத்திலிருந்து பரிசுத் தொகையையும் நடிகரையும் நீக்கிப் பாருங்கள். அப்போதும் உங்கள் வாடிக்கையாளர் அதைத் தன் தங்கைக்கு அனுப்புவார் என்று தோன்றினால் வெளியிடுங்கள். அடுத்த ஆஃபருக்கென்று ஒதுக்கியிருக்கும் பணத்தில் பாதியை இதற்குச் செலவழியுங்கள்.