தாம்பரம் தடத்தில் பேட்டரி

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையிலான மீட்டர் கேஜ் பாதையில் 1931 மே 11 அன்று மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. தென்னிந்திய ரயில்வே அமைத்த அந்தத் தடத்தின் மேலே 1,500 வோல்ட் டி.சி. மின்சாரம் பாயும் கம்பி சென்றது. பயணிகள் வண்டிகளோடு, இங்கிலாந்தின் ஹாதார்ன் லெஸ்லி நிறுவனம் 1930இல் செய்த நான்கு எஞ்சின்களும் வந்து சேர்ந்தன. பின்னாளில் ஒய்சிஜி-1 என்று வகைப்படுத்தப்பட்ட இவை, கம்பி போடாத பக்கத் தடங்களுக்குள் நுழைய வேண்டியிருந்தால், பேட்டரி அடுக்கிய பெட்டியொன்றைக் கோத்துக்கொண்டு அதன் சக்தியில் ஓடின. கம்பி எட்டாத இடத்துக்குச் சேமித்த மின்சாரம் என்ற ஏற்பாடு, சூரியத் தகடு பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே தென்சென்னைப் புறநகருக்கு வந்துவிட்டது. 1967இல் இந்தத் தடம் 25,000 வோல்ட் ஏ.சி.க்கு மாறியது. அந்த எஞ்சின்களில் ஒன்று டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நகருக்கு அப்போது மின்சாரம் கொடுத்தது மெட்ராஸ் மின் விநியோகக் கழகம். பேசின் பாலத்தில் நிலக்கரி எரித்து மின்சாரம் தயாரித்தது. 1947இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. 1957இல் மின்சார வாரியம் அமைந்தது. 1984இல் கல்பாக்கம் அணுமின் நிலையம் வணிக உற்பத்தியைத் தொடங்கியது. இந்த அரை நூற்றாண்டில் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என ரயிலையொட்டி வீடுகள் பெருகின. பிறகு சேலையூர், மாடம்பாக்கம், முடிச்சூர் என்று ஏரிக்கரைகள் வரை மனைகள் விரிந்தன. கம்பி போய்ச் சேருவதில் பெரிய சிக்கல் இருக்கவில்லை. கம்பியில் மின்சாரம் இருக்குமா என்பதே 2008க்குப் பிறகு எழுந்த கேள்வி.

அந்த ஆண்டு நவம்பரில் மாநிலத்தில் மின் கட்டுப்பாடு அமலானது. தேவை ஏறிக்கொண்டே போக, புதிய மின் நிலையங்கள் தாமதமாயின. காற்றாலைகள் ஆடிக்காற்றோடு ஓய்ந்துவிடும். வட இந்தியாவில் உபரி இருந்தாலும் அதைத் தெற்கே கொண்டுவரும் பாதை குறுகலாக இருந்தது. 2012இல் சென்னைக்கும் புறநகருக்கும் தினம் 2 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. மற்ற மாவட்டங்களின் நிலை இன்னும் கொடுமை.

அப்போதுதான் வீட்டு இன்வெர்ட்டர் ஒரு சாதாரணப் பொருளானது. ஹாலின் மூலையிலோ மாடிப்படிக்கு அடியிலோ ஒரு டியூபுலர் பேட்டரி. அதற்கு அவ்வப்போது டிஸ்டில்டு வாட்டர். மூன்றிலிருந்து ஐந்து ஆண்டில் பழையதைக் கொடுத்துப் புதியது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றின் கொள்ளளவு 1.8 யூனிட். இரண்டு மின்விசிறி, இரண்டு விளக்கு நான்கைந்து மணி நேரம் ஓடும். இப்படிப் பத்தாயிரம் வீடுகள் இருந்தால் கொள்ளளவு 18,000 யூனிட். டெல்லி ரோஹிணியில் 2019இல் திறக்கப்பட்ட, நாட்டின் முதல் பெரிய மின்கட்டமைப்புப் பேட்டரி நிலையத்தின் கொள்ளளவு 10,000 யூனிட்தான். மின்வாரியம் செய்திருக்க வேண்டிய சேமிப்பைப் புறநகர்க் குடும்பங்கள் தங்கள் கைக்காசில், தனித்தனியாகச் செய்துகொண்டன.

இதன் குறையும் சிறியதல்ல. ஈய-அமில பேட்டரியில் ஏற்றிய மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை ஏற்றி இறக்குவதிலேயே வீணாகும். கரண்ட் திரும்பியதும் எல்லா வீட்டு பேட்டரிகளும் ஒரே நேரத்தில் சார்ஜ் ஏறத் தொடங்கும். பற்றாக்குறையைச் சமாளிக்க வாங்கிய கருவி பற்றாக்குறையைக் கூட்டியது. வசதி இல்லாத வீடு இருட்டில் இருந்தது.

சூரிய மின்சாரத்துக்கான அடித்தளமும் இதே பகுதியில் உருவானது. வேளச்சேரி–தாம்பரம் சாலையில், பள்ளிக்கரணையில் உள்ள காற்றாற்றல் தொழில்நுட்ப மையம் (இன்றைய தேசிய காற்றாற்றல் நிறுவனம்) 2011இல் நாடெங்கும் 51 இடங்களில் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நிறுவியது. எந்த ஊரில் எவ்வளவு வெயில் என்பதை நம்பகமாகச் சொல்லும் அளவீடு இல்லாமல் எந்த வங்கியும் கடன் கொடுக்காது. அடுத்த ஆண்டு அக்டோபரில் தமிழ்நாட்டின் சூரியசக்திக் கொள்கை வெளியானது. 2015க்குள் 3,000 மெகாவாட் என்பது இலக்கு. கூரையில் தகடு பதித்த வீடுகளுக்கு முதல் இரண்டு ஆண்டு யூனிட்டுக்கு 2 ரூபாய் ஊக்கத்தொகை, பிறகு படிப்படியாகக் குறைவு. தகடுகள் வந்தன; இலக்கு எட்டப்படவில்லை.

கூரைத் தகடுகள் பெரும்பாலும் பேட்டரி இன்றியே மின்வாரியக் கம்பியோடு இணைக்கப்பட்டன. கம்பியில் மின்சாரம் நின்றால் இவையும் தானாக நின்றுவிடும். பழுதுபார்க்கும் ஊழியரின் உயிருக்காக வைத்த கட்டாயமான ஏற்பாடு அது. 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் புகுந்தது. மின்சாரம் பல நாள் நிறுத்தப்பட்டது. தரைத்தளத்து இன்வெர்ட்டர்கள் நீரில் மூழ்கின. அடுத்த ஆண்டு டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கம்பங்களைச் சாய்த்தபோதும் மின்சாரம் வரப் பல நாள் ஆயிற்று. வானம் வெளுத்த பிறகும், பேட்டரி இல்லாத கூரைத் தகடு கம்பி உயிர்பெறும்வரை பயன்படவில்லை. தகட்டையும் பேட்டரியையும் பிரித்தே வளர்த்ததன் விலை இது.

இரண்டையும் சேர்த்துச் சிந்தித்த முயற்சி சென்னை ஐஐடியில் நடந்தது. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவின் கணக்கு எளிமையானது: தகடு தருவது டி.சி., பேட்டரி வைத்திருப்பது டி.சி., எல்.இ.டி. விளக்குக்கும் புதுவகை மின்விசிறிக்கும் வேண்டியது டி.சி.; நடுவே ஏ.சி.க்கு மாற்றி மறுபடி மாற்றுவது வீண். 48 வோல்ட்டில் இயங்கும் வீட்டு அமைப்பை அவர்கள் உருவாக்கினர். ராஜஸ்தானின் ஜோத்பூர் பகுதிக் கிராமங்களில் சுமார் 4,000 வீடுகளுக்கு அது போனது. மின்வெட்டில் முழுவதும் நிறுத்தாமல் சிறு பங்கு மின்சாரத்தை மட்டும் எல்லா வீட்டுக்கும் தொடர்ந்து அனுப்பலாம் என்ற இன்னொரு யோசனையும் அவர்களுடையதே. 100 வாட் போதும், ஏழை வீட்டிலும் விசிறி சுழலும். இன்வெர்ட்டர் காலத்தில் முன்வைக்கப்பட்டவற்றில் மிக நியாயமான யோசனை அதுதான். அது பரவலாகவில்லை.

பற்றாக்குறையே அதற்குள் தணியத் தொடங்கியிருந்தது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியே தென்னகக் கட்டமைப்பு தேசியக் கட்டமைப்போடு இணைந்தது. 2015இல் கட்டுப்பாடு விலக்கப்பட்டது. 2016இல் இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமானதால், குறைவாகச் செலவழிக்கும் வீட்டுக்குச் சொந்தத் தகடு லாபமற்றதானது. அதே ஆண்டு கமுதியில் 648 மெகாவாட் சூரியப் பூங்கா திறக்கப்பட்டது. 2024இல் வந்த மத்திய அரசின் கூரைத் திட்டம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் தந்தாலும், பேட்டரியைப் பாராமல் தகட்டின் அளவை வைத்தே அதைக் கணக்கிடுகிறது.

இப்போதைய நெருக்கடி வேறு வடிவிலானது. 2024 மே 2 அன்று மாநிலத்தின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. பகலில் வெயில் கைகொடுக்கும். கோடை இரவில் ஏ.சி. இயந்திரங்கள் ஓடும் நேரத்துக்கு அது உதவாது. 2024இல் அமைந்த தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகம் பெரிய பேட்டரி சேமிப்பு நிலையங்களுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரியது. புறநகர் வீடுகள் ஹால் மூலையில் சுமந்த செலவு, இதன்மூலம் மாநிலத்தின் எல்லா மின்நுகர்வோரிடமும் பகிரப்படுகிறது.