செந்தூல் கனமழை

கோலாலம்பூரின் வடபகுதியில், பத்து ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் பகுதியை ஒட்டியது செந்தூல். இங்கே கனமழை பெரும்பாலும் பருவமழையால் வருவதன்று. ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மாத இடைப்பருவங்களில் பிற்பகல் வெயிலில் திரளும் இடிமேகங்கள் ஓரிரு மணிநேரத்தில் கொட்டித் தீர்க்கின்றன. தென்மேற்குப் பருவத்தில் சுமத்ராவிலிருந்து வரும் சூறைக்காற்று வரிசை விடியற்காலையில் தாக்கும்.

மலேசியத் தீபகற்பத்தின் கிழக்குக் கரைக்கே உரியதெனக் கருதப்பட்ட வடகிழக்குப் பருவமும் 1971 சனவரியில் நகரை மூழ்கடித்தது. 2021 டிசம்பரில் தென்சீனக் கடலின் காற்றழுத்தத் தாழ்வு தீபகற்பத்தைக் கடந்தபோது கோலாலம்பூரை உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் மழை ஓயவில்லை. ஷா ஆலமின் தாமான் ஸ்ரீ மூடா கூரைவரை மூழ்கியது. நாடெங்கும் 50-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

புவி வெப்பமடைகையில் மழை இன்னும் கடுமையாகலாம்: காற்று 1 பாகை செல்சியஸ் சூடேறினால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் ஈரம் தாங்கும். ஆகவே, ஆண்டு மொத்த மழையைவிட ஒருமணி நேரப் பொழிவின் கடுமையையே இங்கு கவனிக்க வேண்டும்.