லிண்டா ஸ்டிர்லிங்: முகமூடியும் பழைய ஃபிலிமும்

சினிமா வரலாறு என்று நம்மிடம் இருப்பது பெரும்பாலும் இயக்குநர்களின் வரலாறு. அதை விட்டால் நட்சத்திரங்களின் வரலாறு. இரண்டிலும் சேராத ஒரு கூட்டம் உண்டு: மலிவாக எடுக்கப்பட்டு, ஓடி முடிந்ததும் பெட்டிக்குள் போய்விட்ட படங்களில் நடித்தவர்கள். அவர்களில் ஒருவரான லிண்டா ஸ்டிர்லிங்கைப் பற்றி எழுத முற்படும்போது, எளிய கேள்விகளே சிக்கலாகிவிடுகின்றன. திரையில் நாம் பார்க்கும் உடல் யாருடையது? அந்த உடலின் உழைப்பு யாருக்குச் சொந்தம்?

முதலில் அவர் நடித்த தொடர்படங்கள் எவை என்று சொல்லிவிட வேண்டும். டி.வி. சீரியல் அல்ல. அமெரிக்கத் தியேட்டர்களில் 1910கள் தொடங்கி 1956 வரை வாரத்துக்கு ஒரு அத்தியாயமாகக் காட்டப்பட்டவை இவை. பெரும்பாலும் 12 அல்லது 15 அத்தியாயங்கள். ஒவ்வொன்றும் கால் மணி நேரம். அத்தியாயம் முடியும்போது வண்டி பள்ளத்தாக்கில் விழும். அடுத்த சனிக்கிழமை போய்ப் பார்த்தால், விழுவதற்கு முன்பே கதாநாயகி குதித்திருப்பாள். இந்த ஏமாற்று பிள்ளைகளுக்கும் தெரியும். தெரிந்தேதான் காசு கொடுத்துப் போனார்கள்.

இவற்றைத் தயாரிப்பதில் பேர்போன கம்பெனி ரிபப்ளிக். ஃபிலிம் கழுவும் தொழில் நடத்திய ஹெர்பர்ட் யேட்ஸ், 1935இல் சில்லறைக் கம்பெனிகள் பலவற்றை ஒன்றாக்கி உருவாக்கியது. கழுவுகிறவரே முதலாளி ஆனதால்தானோ என்னவோ, ஓர் அடி ஃபிலிமைக்கூட வீணாக்க அங்கே யாருக்கும் மனம் வரவில்லை. இது பின்னால் முக்கியமாகிறது.

1921இல் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் பிறந்த ஸ்டிர்லிங், மாடலாக இருந்து ரிபப்ளிக்குக்கு வந்தவர். 1944இல் 'தி டைகர் வுமன்'. அதே ஆண்டிலேயே 'ஸோரோஸ் ப்ளாக் விப்'. 1947க்குள் மொத்தம் ஆறு தொடர்படங்கள். இடையிடையே மலிவான கௌபாய்ப் படங்கள்.

'ப்ளாக் விப்' விசித்திரமான பிரதி. ஸோரோ தலைப்பில் மட்டும்தான் உண்டு, கதையில் கிடையாது. ஐடஹோ, தனி மாநிலமாவதற்குச் சற்று முன். மாநிலமானால் சட்டம் வந்துவிடும், தன் ராஜ்யம் போய்விடும் என்று அஞ்சும் ஹேமண்ட் என்கிற கோச்சுவண்டி முதலாளி ஆட்களை ஏவிக் கொலை செய்கிறான். அவனை முகமூடியணிந்து எதிர்த்துவந்த பத்திரிகை ஆசிரியரும் கொல்லப்பட, தங்கை பார்பரா இரண்டையும் எடுத்துக்கொள்கிறாள்: அண்ணனின் பத்திரிகையையும் அவனுடைய கறுப்பு உடையையும் சாட்டையையும். அந்தப் பாத்திரம்தான் ஸ்டிர்லிங். முகமூடிக்குள் இருப்பவள் அவளாக இருக்கலாம் என்று சந்தேகம் எழும்போதுகூட, நம்மை இத்தனை முறை வென்றது ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்று ஹேமண்டே வாதாடுகிறான். தொடர் முழுக்க அவளைக் காப்பாற்றுவது சாட்டையைவிட இந்த ஆணாதிக்க மடமைதான்.

போரினால் ஆண்கள் வெளியே போனார்கள், அதனால் பெண்கள் திரையில் குதிரையேறினார்கள் என்று சொல்வது வழக்கம். பாதி உண்மை. பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குச் சில மாதங்கள் முன்பே, 1941 கோடையில், ரிபப்ளிக் 'ஜங்கிள் கேர்ள்' எடுத்துவிட்டது. அதற்கும் முன்னால், 1914இலேயே பேர்ல் ஒயிட் 'தி பெரில்ஸ் ஆஃப் பாலின்' தொடரில் உயிரைப் பணயம் வைத்து ஓடிக்கொண்டிருந்தார். கௌரவமான படங்களில் பெண் அழுதுகொண்டிருந்தபோது மலிவான படங்களில் அவள் சண்டை போட்டாள். கௌரவம் இல்லாத இடத்தில் விதிகளும் கொஞ்சம் தளர்ந்திருந்தன, அவ்வளவுதான். இதை விடுதலை என்று கொண்டாட எனக்குத் தயக்கமுண்டு. போர் முடியும் தறுவாயிலேயே ஸ்டிர்லிங்கின் முகமூடியும் கழன்றுவிட்டதைக் கவனிக்கவேண்டும். 1945, 46இல் வந்த மூன்று தொடர்களில் அவர் ஒரு விஞ்ஞானியின் மகள், இன்னொரு விஞ்ஞானியின் உறவுக்காரப் பெண், மூன்றாமவரின் செயலாளர். எதிரியை வேட்டையாடுபவன் ஆண்.

சரி, அந்தச் சாட்டைக்காரி ஸ்டிர்லிங்தானா? முகம் அவருடையது. ஆபத்தான காட்சிகளில் கறுப்பு உடைக்குள் இருந்தது பேப் டிஃப்ரீஸ்ட் என்ற பெண் சண்டைக்கலைஞர். டூப் போட்டவரின் பெயரைத் திரையில் அதற்காகப் போடுகிற வழக்கம் அப்போது இல்லை. ஆக 'நடிகையின் உடல்' என்று நாம் வாசிப்பது இரு பெண்களின் கூட்டு உழைப்பு. அதை ஒருத்தியாக்கிக் காட்டியது முகமூடி.

இதோடு நிற்கவில்லை. 1951இல் ரிபப்ளிக் 'டான் டேர்டெவில் ரைட்ஸ் அகெய்ன்' எடுத்தது. கதாநாயகன் கென் கர்ட்டிஸ். 1954இல் 'மேன் வித் த ஸ்டீல் விப்', கதாநாயகன் ரிச்சர்ட் சிம்மன்ஸ். இரண்டிலும் செலவைக் குறைக்க 'ப்ளாக் விப்'பின் பழைய ஃபிலிம் துண்டுகளை வெட்டிச் செருகினார்கள். நாயகனின் முகமூடியும் கறுப்பு உடையும் நடிகருக்காக அல்ல, பழைய ஃபிலிமுக்காகத் தைக்கப்பட்டவை. அருகில் வரும் காட்சியில் ஓர் ஆண். குதிரை தூரத்தில் பாயும்போது கூர்ந்து பார்த்தால் இடுப்பும் தோளும் மாறியிருக்கும்: பத்து வருடத்துக்கு முந்தைய பெண். ஒரு காலத்தில் ஆண் என்று நம்பவைத்த பெண், இப்போது நிஜமாகவே ஓர் ஆணின் சாகசமாக வரவு வைக்கப்படுகிறாள். எந்தக் கோட்பாட்டாளரும் யோசித்துச் செய்ததல்ல இது. கணக்குப்பிள்ளை செய்தது.

பணத்தையும் பேசிவிடலாம். டி.வி. வந்ததும் ரிபப்ளிக் தன் பழைய சரக்கை விற்கத் தொடங்கியது. ராய் ரோஜர்ஸ் போன்ற பெரிய கௌபாய் நட்சத்திரமே வழக்குப் போட்டு, கீழ்க்கோர்ட்டில் ஜெயித்து, 1954இல் மேல்முறையீட்டில் தோற்றார். அந்த ரோஜர்ஸுக்குப் படங்கள் எழுதிய ஸ்லோன் நிப்லியைத்தான் ஸ்டிர்லிங் 1946இல் மணந்திருந்தார். நடிகர் சங்கத்தின் 1960 வேலைநிறுத்தம், அதற்குப் பிறகு எடுக்கப்படும் படங்கள் டி.வி.க்குப் போனால் நடிகர்களுக்குத் தொடர்ந்து பங்கு உண்டு என்பதை வென்றது. அதற்கு முந்தைய உழைப்பைச் சங்கத்தால் மீட்க முடியவில்லை.

ஸ்டிர்லிங் ஐம்பதுகளில் சில டி.வி. நிகழ்ச்சிகளோடு நடிப்பைக் குறைத்துக்கொண்டார். பல்கலைக்கழகம் போய்ப் படித்தார். பிறகு க்ளெண்டேல் கல்லூரியில் இருபதாண்டுகளுக்கு மேல் ஆங்கிலமும் நாடகமும் கற்பித்தார். 1997இல் இறந்தார். இடையில், 1966இல், ரிபப்ளிக்கின் பழைய தொடர்படங்கள் பலவற்றை நூறு நிமிடப் படங்களாகச் சுருக்கி டி.வி.க்கு விற்றார்கள். 'டைகர் வுமன்' அதில் ஒன்று. பெயரை 'ஜங்கிள் கோல்ட்' என்று மாற்றியிருந்தார்கள். தலைப்பிலிருந்து பெண் போய்விட்டாள், தங்கம் மட்டும் இருந்தது.