கார்டியனும் தாயாரும்

சென்ற ஆண்டு என் தம்பி கேளம்பாக்கத்திலிருந்து ஒரு பத்திர நகலை அனுப்பினான். விடுதலைப் பத்திரம். அப்பா விட்டுச்சென்ற நிலத்தில் எனக்குள்ள பாகத்தை நான் மனமுவந்து விட்டுக்கொடுப்பதாக அதில் தட்டச்சாகியிருந்தது. கையெழுத்துப் போடும் முன், அந்த நிலம் எங்களிடம் எப்படித் தங்கியது என்று தெரிந்துகொள்ள நினைத்தேன். ஊருக்குப் போய்ப் பரணிலிருந்த தகரப்பெட்டியை இறக்கினேன்.

செங்கல்பட்டுச் சீமையில் நிலக்கணக்குக்குப் பஞ்சமில்லை. 1767 முதல் 1774 வரை கும்பினிக்காக தாமஸ் பார்னார்டு இங்குள்ள சுமார் இரண்டாயிரம் ஊர்களை அளந்தார். எங்கள் பக்கத்து ஊரான திருப்போரூரின் அக்காலக் கணக்கு இன்று நூலாகவே கிடைக்கிறது. நிலமும் வீடும் விளைச்சலில் யாருக்கு எவ்வளவு என்பதும் அதில் உண்டு. ஆனால் ஊர்க்கணக்கு எழுதுவது உரிமையை, உழைப்பை அல்ல. எங்கள் பெட்டியும் அப்படித்தான் இருந்தது.

அதிலிருந்த மிகப் பழைய தாள் 1930களின் தொடக்கத்தில் எழுதிய பாகப்பிரிவினைப் பத்திரம். கொள்ளுத்தாத்தா இறந்த மறுவருடம் அவருடைய சகோதரர்கள் பிரித்துக்கொண்டது. என் தாத்தாவுக்கு அப்போது ஏழு வயது. ஏரிப்பாசன நன்செயில் ஒரு காணி அவர் பங்கு. இன்னாரின் பெண்சாதியும், மேற்படி மைனரின் தாயாரும் கார்டியனுமான இன்னாள் என்று கொள்ளுப்பாட்டி வருகிறாள். அவள் பெயரை எட்டுவதற்குள் இரண்டு ஆண்களைத் தாண்ட வேண்டியிருக்கிறது. கடைசியில் ஒரு பெருவிரல் ரேகை. அதன்பிறகு கிஸ்தி ரசீதுகள் எல்லாம் சிறுவன் பெயரில். ஏழு வயதுப் பிள்ளையா ஏர் பூட்டினான்?

இது எங்கள் குடும்பத்தின் கொடுமை மட்டுமல்ல, சட்டமே அப்படி. கூட்டுக்குடும்பத்து விதவைக்கு அன்று ஜீவனாம்சம் உண்டு, பங்கு இல்லை. கணவன் பங்கில் அவளுக்கு ஆயுள்வரை உரிமை தரும் சட்டம் 1937இல் வந்தது. விவசாய நிலத்துக்கு அது செல்லாது என்று 1941இல் ஃபெடரல் நீதிமன்றம் சொன்னது. சென்னை மாகாணம் 1947இல் தனிச்சட்டம் போட்டுத்தான் அந்த உரிமையை வயலுக்கு நீட்டியது. கொள்ளுத்தாத்தா இதற்கெல்லாம் முன்பே இறந்துவிட்டதால் அவளுக்கு எதுவும் எட்டவில்லை.

பெட்டியின் அடியில் ஒரு நோட்டு கிடந்தது. கோணல்மாணலான பென்சில் எழுத்து. பள்ளிக்கூடம் போய்வந்த தாத்தாவை உட்காரவைத்து, எழுதப் படிக்கத் தெரியாத அவள் சொல்லச்சொல்ல எழுதியது. சொர்ணவாரிக்கு விதைநெல் எத்தனை மரக்கால், மடை திறந்த நாள், மாட்டுக்குப் புண்ணாக்கு, கைமாற்றாக வாங்கிய நெல், திருப்பித் தந்த நெல். பத்திரத்தில் கார்டியனாக மட்டும் இருந்தவள் இந்த நோட்டில் விவசாயியாக இருக்கிறாள்.

அந்த நோட்டிலும் பெயரில்லாத பெண்கள் இருக்கிறார்கள். ‘நடவாள் 14’ என்று எழுதி, பக்கத்தில் கூலி நெல். அவர்கள் சேரியிலிருந்து வந்தவர்கள். செங்கல்பட்டுக் கலெக்டர் டிரமன்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை, பறையர் மக்கள் நிலம் பெறுவதை மிராசுதாரர்கள் எப்படித் தடுத்தார்கள் என்று விளக்கியது. அதன் விளைவாகவே 1892இல் அரசு அவர்களுக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. என் கொள்ளுப்பாட்டிக்குப் பெருவிரல் வைக்க ஒரு பத்திரமாவது இருந்தது. அந்தப் பதினான்கு பேருக்கு எங்கள் பெட்டியில் ஓர் எண்தான். அவளைத் தேடிப்போன நான் அதையும் சொல்லியாக வேண்டும்.

தாத்தா இறந்தபோது அத்தைகள் இருவரும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். சீர் செய்தாயிற்று என்று அதில் ஒரு வரி. 1956 சட்டம் அவர்களுக்குத் தந்ததை அந்த ஒரு வரி வாங்கிக்கொண்டது. 1989இல் தமிழ்நாடு பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குச் சமபங்கு தந்தது. அதற்குமுன் கல்யாணமானவர்களை விலக்கியது. 2005இல் மத்தியச் சட்டம் அந்த விலக்கையும் நீக்கியது. சட்டம் கொடுத்துக்கொண்டே வருகிறது. நாம் எழுதிக்கொடுத்துக்கொண்டே வருகிறோம். எங்கள் குடும்பத்துப் பெண்கள் பத்திரத்தில் வந்ததெல்லாம் மகனுக்காக அல்லது விட்டுக்கொடுப்பதற்காக.

சிறுசேரியில் மென்பொருள் நிறுவனங்கள் வந்தபின் எங்கள் பக்கம் நிலத்தைக் காணியில் யாரும் பேசுவதில்லை, சதுர அடியில் பேசுகிறார்கள். தம்பி கெட்டவனல்ல, வழக்கப்படி கேட்டான். நோட்டை அவனிடம் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துப் பேசினான்: “அக்கா, இவங்கதான் பயிர் வெச்சாங்களா?”

பத்திரம் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. நான் கையெழுத்துப் போடவில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் பெட்டி இருக்கும். பட்டாவில் பெண் இல்லை என்று மூடிவிடாதீர்கள். கார்டியன் என்ற சொல்லுக்குப் பின்னால், பெருவிரல் ரேகைக்குக் கீழே, கூலிக்கணக்கின் எண்களில் பாருங்கள். உங்களுக்கு ஒரு பத்திரம் வரும்போது, கையெழுத்துப் போடும் முன் அந்தப் பெட்டியை ஒருமுறை திறந்துவிடுங்கள்.