சிலுவையைச் சுமந்த உத்தரம்

தியானப் பகுதி: மத்தேயு 27:50-51, எபிரெயர் 10:19-22



இங்கிலாந்தின் கிழக்கே நார்ஃபோக், சஃபோக் பகுதிகளிலுள்ள பழைய கிராம ஆலயங்கள் பலவற்றில், ஆலயத்தை இரண்டாகப் பிரிக்கும் ஓக் மரத் தடுப்பு ஒன்றை இன்றும் காணலாம். மேற்கே சபையார் கூடும் கூடம். கிழக்கே குருவானவர் பணிவிடை செய்யும் பீடப்பகுதி. இடையே நிற்கும் தடுப்பின் கீழ்ப்பாதி பலகையால் அடைக்கப்பட்டு, அதில் பரிசுத்தவான்களின் உருவங்கள் தீட்டப்பட்டிருக்கும். ரான்வொர்த் ஆலயத்தில் பன்னிரு அப்போஸ்தலரும் அவ்வாறு வரிசையாக நிற்கின்றனர். மேற்பாதியோ மெல்லிய கால்களும் நுட்பமான செதுக்கு வேலையும் கொண்ட திறந்த கிராதி. நடுவில் ஒரு வாசல்.

தடுப்புக்கு மேலே ஓர் உத்தரம் குறுக்கே செல்லும். அதன்மேல் சிலுவையில் அறையப்பட்ட ஆண்டவரின் பெரிய மரச்சிற்பமும், இருபுறமும் தாயாகிய மரியாளும் சீஷனாகிய யோவானும் நின்றனர். சிலுவைக்குப் பழைய ஆங்கிலத்தில் ‘ரூட்’ என்று பெயர். ஆகையால் இதனை ‘ரூட் ஸ்கிரீன்’ என்றனர். சிலுவைக்கு முன் எரியும் விளக்குகளுக்கு எளிய மக்களும் காணிக்கை கொடுத்தனர். லட்ஹாம் ஆலயத்துத் தடுப்பில், 14 பவுன் கொடுத்த ஒரு தம்பதியின் பெயரும் 1493 என்ற ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன.

இத்தடுப்பு மக்களை விலக்கியதா, அழைத்ததா? இரண்டையும் செய்தது எனலாம். ஆராதனை லத்தீன் மொழியில் நடந்தது. சபையாரில் பெரும்பாலோர் ஆண்டுக்கு ஒருமுறை, ஈஸ்டர் காலத்தில் மட்டுமே திருவிருந்து பெற்றனர். அப்போதும் அப்பம் உண்டு, பாத்திரம் இல்லை. மற்ற நாட்களில் குருவானவர் அப்பத்தை உயர்த்தும் கணத்தைக் கிராதியின் இடைவெளி வழியே கண்டு தொழுதனர். சில தடுப்புகளின் கீழ்ப்பலகையில், முழங்காலில் நிற்பவரின் கண் மட்டத்தில் சிறு துளைகள் இருக்கின்றன. எப்படியாவது ஆண்டவரைக் கண்டுவிட வேண்டும் என்ற ஏக்கத்தை அத்துளைகள் இன்றும் சொல்லுகின்றன. ஆயினும் வாசலுக்கு நேர் மேலே சிலுவை நின்றது. பீடத்தை நோக்கிய கண் சிலுவையின் கீழேதான் சென்றது.

சீர்திருத்தக் காலம் வந்தது. 1547-இல் அரியணை ஏறிய ஆறாம் எட்வர்டின் ஆட்சியில் சிலுவைச் சிற்பங்கள் இறக்கப்பட்டன. மேரி அரசியின் காலத்தில் மீண்டும் ஏற்றப்பட்டவை எலிசபெத்தின் காலத்தில் மறுபடியும் இறங்கின. பின்பு 1561-இல் அரச ஆணை ஒன்று பிறந்தது: உத்தரத்தின்மேல் இருந்த மாடத்தை அகற்ற வேண்டும், தடுப்போ அப்படியே நிற்க வேண்டும், தடுப்பு இல்லாத ஆலயங்களில் புதிதாகக் கட்டவேண்டும். ஆலயத்தில் ஒழுங்கு நிலவ வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆனாலும் விளைவைச் சற்றுச் சிந்தியுங்கள். சிலுவை போயிற்று, தடுப்பு நின்றது.

சஃபோக்கிலுள்ள வென்ஹாஸ்டன் ஆலயத்தில், சிலுவைக்குப் பின்னிருந்த பலகைகளில் இறுதி நியாயத்தீர்ப்பின் காட்சி தீட்டப்பட்டிருந்தது. பின்னாளில் அதன்மேல் சுண்ணாம்பு பூசினர். அப்படி ஒரு சித்திரம் இருந்ததையே மறந்தனர். 1892-இல் பழுதுபார்ப்பின்போது, பயனற்றவை என்று அப்பலகைகளைக் கழற்றி ஆலய வளாகத்தில் போட்டனர். மழை பெய்தது, சுண்ணாம்பு கரைந்தது, சித்திரம் வெளிப்பட்டது. அதன் நடுவே வண்ணம் படாத வெற்றிடங்கள் காணப்பட்டன. சிற்பங்கள் நின்ற இடத்தை விட்டுவிட்டுச் சுற்றிலும் தீட்டியிருந்தபடியால், சிலுவையின் வடிவம் வெறுமையாகவே எஞ்சியிருந்தது. அகற்றப்பட்ட சிலுவைக்கு அந்த வெறுமையே சாட்சியாயிற்று.

பிரியமானவர்களே, நாம் சீர்திருத்த மரபில் வந்தவர்கள். உருவங்களை நாம் வணங்குவதில்லை. நம் ஆலயத்தில் அத்தகைய மரத்தடுப்பும் இல்லை. ஆனால் மரத்தால் செய்யப்படாத தடுப்புகள் உண்டல்லவா? இன்ன குடும்பத்தார்க்கு முன்வரிசை, இன்னாருக்குக் கடைசி வரிசை என்று எவரும் எழுதி வைக்கவில்லை. ஆயினும் எல்லாரும் அறிந்திருக்கிறோம். சாதியின் பெயரால், பணத்தின் பெயரால், பரம்பரை உரிமையின் பெயரால் நாம் நிறுத்தியவற்றை ஒழுங்கு என்றும் வழக்கம் என்றும் அழைக்கிறோம். அந்த இடைக்காலத் தடுப்புக்கு மேலே சிலுவையாவது இருந்தது. நம் தடுப்புகளின்மேல் என்ன இருக்கிறது?

ஆண்டவர் ஜீவனை விட்டபோது தேவாலயத்தின் திரைச்சீலை மேலிருந்து கீழ்வரை கிழிந்தது. மனிதர் எட்டாத உயரத்தில் அது கிழியத் தொடங்கிற்று, கிழித்தவர் தேவன். அவருடைய மாம்சத்தின் வழியாகவே நமக்குப் புதிய வழி திறந்தது என்று எபிரெய நிருபம் போதிக்கிறது. அவர் கிழித்ததை நாம் தைக்கத் துணியலாகாது.

இந்த வாரத்தில் ஒரு காரியம் செய்யுங்கள். ஆராதனை முடிந்தவுடன், இதுவரை நீங்கள் பேசியிராத ஒருவரிடம் சென்று, அவர் பெயரைக் கேட்டு, அவருக்காக ஜெபியுங்கள்.

ஜெபம்: திரையைக் கிழித்த பிதாவே, உமது குமாரனின் சிலுவையை எங்கள் நடுவில் நிலைநிறுத்தும், நாங்கள் எழுப்பிய தடுப்புகளைத் தகர்த்தருளும். ஆமென்.