இடாப்பில் இல்லாத பெயர்: வடக்கு முஸ்லிம்களின் வாக்குரிமை

தேர்தல் கடமைக்குச் செல்லும் ஆசிரியர்கள் நாம் அனைவரும் அறிந்த விடயம் இது. தேசிய அடையாள அட்டையுடன் ஒருவர் வாக்களிப்பு நிலையத்திற்கு வந்தாலும், இடாப்பில் அவரது பெயர் இல்லையெனில் வாக்குச்சீட்டு வழங்க முடியாது.

அரசியலமைப்பின் 3ஆம் உறுப்புரை வாக்குரிமையை மக்களின் இறைமையின் ஒரு பகுதியாகக் கூறுகின்றது. ஆனால் 4ஆம் உறுப்புரை, இடாப்பில் பெயர் பதியப்பட்டவரே அதனைப் பிரயோகிக்கலாம் என்கின்றது. எனவே இடாப்பிலிருந்து ஒரு பெயர் நீங்கினால், அந்தப் பிரஜையின் இறைமையும் அன்று செயலிழந்து விடுகின்றது.

இதன் வலியை நன்கறிந்தவர்கள் வடக்கு முஸ்லிம்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 பேரில் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சமடைந்தனர். இடாப்பில் பதிவதற்கு அடிப்படை 'சாதாரண வதிவிடம்' ஆகும். துரத்தப்பட்டவருக்கு எது சாதாரண வதிவிடம்? மன்னாரில் பதிந்தால் 'இங்கே வசிக்கவில்லை' என்ற ஆட்சேபனை. புத்தளத்தில் பதிந்தால் சொந்த மண்ணில் அவர்களது வாக்குப் பலம் கரைகின்றது.

இதில் வெளியே தெரியாத இன்னொரு சிக்கலும் உண்டு. பாடசாலைகளில் முதலாம் தர அனுமதியின்போது, பெற்றோரின் பெயர் அப்பிரதேச இடாப்பில் தொடர்ச்சியாக இருப்பதற்குப் புள்ளிகள் வழங்கப்படுகின்றன. பிள்ளையின் பாடசாலையா, சொந்த ஊரின் வாக்கா என்று ஒரு தந்தையைத் தெரிவு செய்ய வைப்பது நியாயமாகாது.

இந்த நிலைமையைக் கருத்திற்கொண்டே, இடம்பெயர்ந்தோர் தமது முன்னைய வதிவிடத்தில் பதிவதற்காக 2013ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் நிறைவேற்றப்பட்டது. ஆயினும் பதிவு மட்டும் போதாது என்பதை 2019 நவம்பர் 16 காட்டியது. ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிக்கப் புத்தளத்திலிருந்து மன்னாருக்குச் சென்றவர்களின் பஸ்கள் மீது தந்திரிமலையில் துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. நூறு கிலோமீற்றருக்கும் அதிகமான பயணத்தை வாக்கின் விலையாக்காதிருக்க, தங்கியிருக்கும் இடத்திலேயே கொத்தணி வாக்களிப்பு நிலையங்கள் அமைப்பது சலுகையல்ல, உரிமையாகும்.

நாம் செய்யக்கூடியது என்ன? வருடாந்த மீளாய்வின்போது கிராம உத்தியோகத்தர் அலுவலகத்திலும் பிரதேச செயலகத்திலும் நீக்கப்படவுள்ள பெயர்களும் புதிதாகச் சேர்க்கப்படவுள்ள பெயர்களும் காட்சிப்படுத்தப்படும். நீக்கப்படும் பட்டியலை முதலில் பாருங்கள். பெயர் இருந்தால் குறித்த காலத்திற்குள் எழுத்து மூலம் உரிமைக் கோரிக்கை சமர்ப்பித்து, அதன் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிவாசல் நிர்வாகங்கள் அந்தப் பட்டியலை ஜமாஅத்தாருக்கு அறிவித்தால் பல பெயர்கள் காப்பாற்றப்படும்.

1998இல் ஐந்து மாகாண சபைகளின் தேர்தல்கள் நிறுத்தப்பட்டபோது, இரு ஊடகவியலாளர்கள் உயர் நீதிமன்றம் சென்றனர். வாக்களிப்பது கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரத்தின் ஒரு வடிவம் என 1999இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்கள் இருவரும் பல இலட்சம் பேருக்காக வழக்காடினார்கள். நாம் குறைந்தபட்சம் பக்கத்து வீட்டாரின் பெயர் இடாப்பில் உள்ளதா என்றாவது பார்ப்போம்.