புகைக்கூட்டுக்குள் யார் எட்டிப் பார்த்தது?

பழைய வீடொன்றை வாங்கப் போகிறவர் எதையெல்லாம் பார்ப்பார்? எங்கட ஊரில எண்டால் உறுதி, எல்லை, கிணற்றுத் தண்ணி, கூரை மரத்தில கறையான். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இந்தப் பட்டியலில் இன்னொன்றும் சேரும். அது புகைக்கூடு. காசு கட்டினால் ஒருவர் வருவார். நீளமான கம்பியின் நுனியில் சின்னக் கமெராவைப் பூட்டி உள்ளே விடுவார், கூரையில் ஏறிப் பார்ப்பார், பிறகு அறிக்கை எழுதித் தருவார். அந்த அறிக்கையைப் பார்த்து வீட்டின் விலையே குறையலாம், சில நேரம் வாங்கிறவர் பின்வாங்கியும் விடலாம்.

கேட்க மிகச் சாதாரணமான ஒரு சேவை போலத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கமெரா போகிற வழியால் அதற்கு முன்னம் என்னென்ன போனது எண்டு தேடிப் பார்த்தால் வரி, தீ, குழந்தைத் தொழில், நூறு வருசம் வேலை செய்யாத சட்டங்கள் என்று ஒரு பெரிய வரலாறு வருகிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சுவருக்குள் ஒரு இருட்டு

இடைக்கால இங்கிலாந்தில் பெரும்பாலான வீடுகளில் புகைக்கூடு இல்லை. கூடத்தின் நடுவில் தீ எரியும், புகை மேலே எழும்பிக் கூரையால் வெளியே போகும். 16ஆம் நூற்றாண்டில்தான் செங்கல் புகைக்கூடுகள் சாதாரண வீடுகளுக்கும் பரவத் தொடங்கின. 1577இல் இங்கிலாந்தைப் பற்றி எழுதிய வில்லியம் ஹரிசன், தன் ஊர்க் கிழவர்கள் தங்கள் காலத்தில் கண்ட பெரிய மாற்றங்களில் ஒன்றாகப் புகைக்கூடுகள் பெருகியதைச் சொன்னார்கள் எண்டு பதிவு செய்திருக்கிறார்.

இது வசதியைக் கொண்டு வந்த மாற்றம். வீட்டுக்குள் புகை குறைந்தது, மேல்மாடி கட்ட முடிந்தது. கூடவே ஒரு சிக்கலும் வந்தது. முன்பு தீயும் புகையும் எல்லாருடைய கண்ணுக்கும் முன்னால் இருந்தன. இப்போது புகை போகிற பாதை சுவருக்குள் மறைந்து விட்டது. உள்ளே கரி எவ்வளவு படிந்திருக்கிறது, எங்கே வெடித்திருக்கிறது, எந்த மரத்தில் சூடு படுகிறது என்று வீட்டில் இருக்கிறவருக்கே தெரியாது. யாராவது உள்ளே பார்க்க வேண்டும். யார் பார்ப்பது, யாருக்காகப் பார்ப்பது என்பதுதான் அதற்குப் பிறகு வந்த முழுக் கதையும்.

முதலில் எட்டிப் பார்த்தது வரிக்காரன்

1662இல் இரண்டாம் சார்ள்ஸ் அரசனின் காலத்தில் அடுப்பு வரி வந்தது. ஒரு அடுப்புக்கு வருசம் 2 ஷில்லிங். வரி அறவிட வேண்டுமென்றால் அடுப்பை எண்ண வேண்டும், எண்ண வேண்டுமென்றால் வீட்டுக்குள் போக வேண்டும். முன்பின் தெரியாத ஆட்கள் அடுப்படி வரைக்கும் வந்து பார்க்கிறதைச் சனங்கள் கடுமையாக வெறுத்தார்கள். 1689இல் வில்லியமும் மேரியும் ஆட்சிக்கு வந்த கையோடு இந்த வரியை நிறுத்தியதற்கு அந்த வெறுப்பும் ஒரு காரணம்.

இந்த அதிகாரிகள் பார்த்தது பாதுகாப்பை அல்ல, கணக்கை. ஒக்ஸ்ஃபோர்ட்ஷயரில் சேர்ச்சில் என்ற கிராமத்தைப் பற்றி ஒரு கதை சொல்லப்படுகிறது. வரியை மிச்சம் பிடிக்கப் பார்த்த ஒரு வெதுப்பகக்காரர், தன் அடுப்பின் புகையைச் சுவரை உடைத்துப் பக்கத்து வீட்டுப் புகைக்கூட்டுக்குள் விட்டாராம். 1684இல் அங்கே பிடித்த தீ கிராமத்தின் ஒரு பகுதியையே எரித்தது. எண்ணுவதற்காக மட்டும் நடக்கிற பரிசோதனை, சனங்களை ஒளிக்கத்தான் பழக்கும்.

இதற்கிடையில் 1666 செப்டெம்பர் 2ஆம் திகதி லண்டனில் புடிங் லேனில் இருந்த ஒரு வெதுப்பகத்தில் தொடங்கிய தீ ஏறத்தாழ 13,200 வீடுகளை அழித்தது. அடுத்த வருசம் வந்த மீள்கட்டுமானச் சட்டம் வீடுகளைச் செங்கல்லாலோ கல்லாலோ கட்டச் சொன்னது, புகைக்கூட்டுக்குக் கிட்ட மரம் வைக்கக் கூடாது என்றது, அதை மேற்பார்வை செய்ய ஆட்களையும் நியமித்தது. புகைக்கூடு என்பது வீட்டுக்காரரின் தனிப்பட்ட விசயம் இல்லை, பக்கத்து வீட்டுக்காரரின் உயிரும் அதில இருக்கு என்பதைத் தீ படிப்பித்த பாடம் அது. ஆனால் கட்டும்போது பார்க்கிறது ஒன்று, கட்டி 50 வருசத்துக்குப் பிறகு உள்ளே பார்க்கிறது வேறொன்று.

கமெராவுக்குப் பதில் ஒரு பெடியன்

விறகுக்குப் பதிலாக நிலக்கரி எரிக்கத் தொடங்கியதும் புகைவழிகள் ஒடுங்கின. பல அறைகளின் புகைவழிகளை ஒரே கூட்டுக்குள் சேர்க்க வேண்டியிருந்ததால் அவை வளைந்தும் நெளிந்தும் போயின. சிலது 9 அங்குலத்துக்கு 9 அங்குலம்தான். ஒரு பள்ளிக் கொப்பியை விரித்து வைத்தால் அதைவிட அகலம். அதற்குள் வளர்ந்த ஆள் போக முடியாது. அதனால் சின்னப் பெடியன்களை ஏற்றினார்கள். பெரும்பாலும் அநாதைகள், இல்லாவிட்டால் வறுமையால் விற்கப்பட்ட பிள்ளைகள். முழங்காலையும் முழங்கையையும் சுவரில் ஊன்றி ஊன்றி ஏற வேண்டும், தலைக்கு மேலே தூரிகையைப் பிடித்துக் கரியைத் தட்ட வேண்டும். புதிதாகக் கட்டின புகைவழிக்குள் விழுந்து கிடக்கிற சாந்துக் கட்டிகளை எடுக்கவும், சிலவேளை எரிகிற புகைக்கூட்டை அணைக்கவும்கூட அவர்களைத்தான் அனுப்பினார்கள். இன்றைக்குக் கமெரா செய்கிற வேலையை அன்றைக்கு ஒரு பிள்ளையின் உடம்பு செய்தது.

1775இல் லண்டன் சென்ற் பார்தொலொமியூ மருத்துவமனையின் சத்திரசிகிச்சை நிபுணர் பேர்சிவல் பொட், புகைக்கூடு துடைப்பவர்களுக்கு விதைப்பையில் வருகிற புற்றுநோய்க்கும் கரிக்கும் தொடர்பு இருப்பதை எழுதினார். ஒரு தொழிலால் வருகிற புற்றுநோய் பற்றிய முதல் விளக்கமாக இன்றும் மருத்துவ வரலாற்றில் அதைத்தான் சொல்கிறார்கள்.

சட்டங்களின் வரிசையைப் பாருங்கள். 1788 சட்டம் 8 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாது என்றது. துடைப்பவர்கள் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும் என்ற வாசகம் அதில் இருந்தது, பிரபுக்கள் சபை அதை வெட்டி விட்டது. 1834இல் இன்னொரு சட்டம். 1840இல் வந்த சட்டம் 21 வயதுக்குக் குறைந்த எவரும் புகைக்கூட்டுக்குள் ஏறக் கூடாது என்றது. 1864இல் ஷாஃப்ட்ஸ்பரி பிரபு அதை இறுக்கினார். இவ்வளவுக்குப் பிறகும் பெடியன்கள் ஏறிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஏன்? மாற்று வழி இல்லாமல் இல்லை. 1803இலேயே ஜோர்ஜ் ஸ்மார்ட் தூரிகைக் கருவி ஒன்றைச் செய்து விட்டார். 1828இல் ஜோசப் கிளாஸ் அதைவிட நல்ல ஒன்றைச் செய்தார், இன்றைய தூரிகைகளும் ஏறக்குறைய அதே வடிவம்தான். ஆனால் பழைய பெரிய வீடுகளின் வளைந்த புகைவழிகளில் கருவி போக வேண்டுமென்றால் சில இடங்களில் சுவரை வெட்டிக் கதவு வைக்க வேண்டும். அதற்குச் செலவாகும். சுவர் பழுதாகும், தளபாடம் அழுக்காகும். வீட்டுக்காரர்களுக்கு அதைவிடப் பெடியன் மலிவு. அந்த வீட்டுக்காரர்களில் பலர் பிரபுக்கள் சபையிலேயே இருந்தார்கள். 1819இல் ஏறும் பெடியன்களைத் தடைசெய்யும் மசோதாவை அந்தச் சபைதான் நிராகரித்தது.

1875 பெப்ரவரியில் கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஃபுல்போர்ன் மருத்துவமனையின் புகைவழிக்குள் ஜோர்ஜ் புரூஸ்டர் என்ற 11 வயதுச் சிறுவன் சிக்கிக்கொண்டான். சுவரை இடித்து வெளியே எடுத்தும் அவன் பிழைக்கவில்லை. அவனை ஏற்றிய எஜமானுக்கு ஆறு மாதக் கடூழியச் சிறை கிடைத்தது. அதே வருசம் வந்த சட்டம் இரண்டு விசயத்தைச் செய்தது. துடைப்பவர் எல்லாரும் ஆண்டுதோறும் பொலிஸிடம் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும், சட்டத்தை நடைமுறைப்படுத்துகிறது பொலிஸின் கடமை. 1788இல் வெட்டப்பட்ட வாசகம் 87 வருசம் கழித்துத் திரும்பி வந்தது. அதற்குப் பிறகுதான் பெடியன்கள் ஏறுவது நின்றது. கண்காணிக்க ஆள் இல்லாத சட்டம் வெறும் தாள்தான் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேடத் தேவையில்லை.

இன்றைக்கு என்ன பார்க்கிறார்கள்?

பழைய வீட்டுப் புகைக்கூட்டில் என்ன பிழைக்கும்? விறகுப் புகை குளிர்ந்து சுவரில் படியும்போது கிரியோசோட் என்ற தார் போன்ற பொருளாகிறது. அது நன்றாக எரியும். தடிப்பாகப் படிந்தால் புகைக்கூட்டுக்குள்ளேயே தீ பிடிக்கும். நிலக்கரிப் புகையிலுள்ள கந்தகம் செங்கல்லுக்கு இடையிலான சுண்ணாம்புச் சாந்தை அரிக்கும். மழை கூடுதலாக அடிக்கிற பக்கத்துச் சாந்து ஊறி வீங்க, புகைக்கூடே ஒரு பக்கம் சாயும். பழைய பிரித்தானியப் புகைவழிகளின் உட்பூச்சு சுண்ணாம்போடு மாட்டுச்சாணம் கலந்தது, அது காலப்போக்கில் உதிர்ந்து விடும். பறவைக் கூடு அடைத்தால் புகையோடு காபன் மொனொக்சைட்டும் அறைக்குத் திரும்பும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

இன்னொரு ஆபத்து மனிசர் செய்தது. விக்டோரியா கால வீடுகளில் இடம் காணாது எண்டு கீழ்மாடியில் புகைக்கூட்டின் அடிச்சுவரை உடைத்து அகற்றி விடுவார்கள். மேலே கூரையில் நிற்கிற பல நூறு கிலோ செங்கல் எதில் நிற்கிறது? தாங்கி ஒழுங்காக வைத்திருக்காவிட்டால், பூச்சுப் பூசின வடிவான சுவரைப் பார்த்து வாங்கிறவருக்கு அது தெரியவே தெரியாது.

அமெரிக்காவில் தேசிய தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 211ஆம் இலக்க நியமம் பரிசோதனையை மூன்று நிலைகளாகப் பிரிக்கிறது. முதலாம் நிலை, வழமைபோலப் பாவிக்கிற புகைக்கூட்டைச் சுலபமாக எட்டுகிற இடங்களில் பார்ப்பது. இரண்டாம் நிலை, வீடு கைமாறும்போதும், அடுப்பையோ எரிபொருளையோ மாற்றும்போதும், தீ அல்லது நிலநடுக்கத்துக்குப் பிறகும் செய்வது. கமெரா உள்ளே போவது இதில்தான். பெரிய ஆபத்து ஒளிந்திருக்கு எண்டு சந்தேகம் வந்தால் மூன்றாம் நிலை, தேவையான இடத்தில் சுவரையே பிரித்துப் பார்ப்பது. பிரித்தானியாவில் புகைச் சோதனையும் செய்வார்கள். உள்ளே புகையை உண்டாக்கி, மேல் வாயை அடைத்துவிட்டு, படுக்கையறையில் எங்காவது கசிகிறதா எண்டு ஒவ்வொரு அறையாகத் தேடுவார்கள்.

ஜேர்மனியின் வழி வேறு. அங்கே நாடு பிரதேசங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு புகைக்கூட்டுத் தொழிலாளர் பொறுப்பு. 2013 தொடக்கத்தில் இருந்து சாதாரணத் துடைப்பு வேலைக்கு வீட்டுக்காரர் தாங்கள் விரும்பியவரைக் கூப்பிடலாம். ஆனால் ஏழு வருசத்தில் இரண்டு தடவை நடக்கிற கட்டாயப் பரிசோதனையைப் பிரதேசப் பொறுப்பாளர்தான் செய்வார். அவரை வீட்டுக்குள் விடமாட்டேன் எண்டு சொல்ல முடியாது. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் கேட்டால் கொதித்திருப்பார்கள். ஆனால் இவர் வருவது வரிக்கு அல்ல, தீக்காக.

யாருக்கு எந்தப் பாதுகாப்பு?

அமெரிக்க முறையில் பார்க்கும் செலவு பெரும்பாலும் வாங்குகிறவர் தலையில். கையில் காசு உள்ளவர் இரண்டாம் நிலைப் பரிசோதனை செய்வார், விலையைக் குறைப்பார். ஏற்கனவே கடன் எடுத்து முடங்கிப் போனவர் அதைத் தவிர்ப்பார், அல்லது அந்த வீட்டில் வாடகைக்கு இருப்பார். புகை ஆளைப் பார்த்துக் கசிவதில்லை. ஜேர்மன் முறை எல்லா வீட்டையும் ஒரே மாதிரிப் பார்க்கிறது, ஆனால் போட்டி இல்லாத இடத்தில் கட்டணம் பற்றிய முறைப்பாடு எப்போதும் இருக்கும். இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னால் நான் இரண்டாவதின் பக்கம் நிற்பேன். 1788க்கும் 1875க்கும் இடையில் நடந்ததைப் படித்த பிறகு, வீட்டுக்காரரின் நல்ல மனசை நம்பி ஒரு பாதுகாப்பைக் கட்ட முடியும் எண்டு எனக்குப் படவில்லை.

இந்தக் கதை எங்கட மலையகத்துக்கும் வந்திருக்கிறது. நுவரெலியாப் பக்கம் போனால் பிரித்தானியர் கட்டிய பங்களாக்களின் கூரைகளில் புகைக்கூடுகள் இப்பவும் நிற்கும். அங்கே கோப்பி அழிந்து தேயிலை பரவிய காலமும், அங்கே லண்டன் பாராளுமன்றம் புகைக்கூடு பற்றிச் சட்டம் போட்ட காலமும் ஏறத்தாழ ஒன்றுதான். அதே தோட்டங்களின் லயன்களில், சமைக்கிறதும் படுக்கிறதும் ஒரே அறைக்குள் நடந்த குடும்பங்களுக்குப் புகை போக ஒரு வழிகூடக் கட்டப்படவில்லை. துரைக்குக் கணப்படுப்பும் புகைக்கூடும், தொழிலாளிக்குக் கண்ணெரிச்சலும் கறுத்த சுவரும். அந்தப் பங்களாக்களில் சில இன்று ஹொட்டேல்கள். அவற்றின் புகைக்கூடுகளை யாராவது பார்த்துப் பராமரிப்பார்கள். லயன் அறைக்குள் தேங்கிய புகையை எண்ண ஒரு வரிக்காரன்கூட எட்டிப் பார்த்ததில்லை.